இன வன்செயலில் ஊர் குழம்பினால் முதல் 3 நாள் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? சின்னத் தொண்டு அமைப்புக்கு யோசனை வேணும்

வாழைச்சேனை வாசி கேட்டது:

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்க இலங்கை மட்டக்களப்பு மாவட்டத்தில, கோறளைப்பற்றுப் பக்கம் இயங்குற சின்னத் தொண்டு அமைப்பு. இதுவரைக்கும் செய்தது கொப்பி, சப்பாத்து, பின்னேர வகுப்பு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் சேர்த்து 62 குடும்பத்துப் பிள்ளைகள் எங்கட பதிவில இருக்காங்க. தொண்டர் 14 பேர்: 8 தமிழ், 6 முஸ்லிம். ஒரு சின்ன மண்டபம் இருக்கு. வங்கியில 4 லட்சம் ரூபா.

2018 பெப்ரவரியில அம்பாறை நகரத்தில முஸ்லிம் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதையும் 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இருந்த நிலைமையையும் பார்த்தா, ஒரு ராத்திரிக்குள்ள ஊர் குழம்பிப் போகும். அப்படி ஒரு நிலைமைக்கு எழுதி வைச்ச திட்டம் எதுவும் எங்களிட்ட இல்ல. கூட்டத்தில மூணு கருத்து வந்திருக்கு. ஒண்டு, பால்மா, பிஸ்கட், உடுப்பு இப்பவே வாங்கி மண்டபத்தில அடுக்கி வைப்பம் என்பது. ரெண்டு, ரெண்டு பேரை உளவளத்துணைப் பயிற்சிக்கு அனுப்புவம் என்பது. மூணு, பிரச்சின நேரம் பிள்ளைகளை மட்டும் பிரிச்செடுத்து வேற ஊர்ல இருக்கிற சிறுவர் இல்லத்தில கொஞ்ச நாள் விடுவம் என்பது.

ஒரு பாடசாலையில 250 பேர் வரைக்கும் வந்து 4, 5 நாள் தங்குவாங்க என்று வைச்சுக்கொள்ளுங்க. என்ன வாங்கிற, யாருக்கு என்ன வேலை, எதைச் செய்யவே கூடாது? தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதினா அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோவன்.

---

வாவிக்கரை எழுதியது:

தம்பி, மூணாவது கருத்தை இன்றைக்கே கைவிடுங்க. மற்ற ரெண்டையும் ஆறுதலாப் பேசலாம்.

"கொஞ்ச நாளைக்கு" என்று இல்லத்தில விடுற பிள்ளை வருஷக்கணக்கா அங்கயே நின்றுபோகும். நம்ம நாட்டுச் சிறுவர் இல்லங்களில வளர்ற பிள்ளைகளில பெரும்பாலான ஆக்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோட இருக்காங்க. வறுமையும் பிரச்சின காலத்துப் பயமும்தான் அவங்களை அங்க கொண்டுபோய் விட்டது. அதோட, ஒரு பிள்ளையைக் குடும்பத்தில இருந்து எடுத்து எங்கயாவது வைக்கிற அதிகாரம் உங்களுக்கு இல்ல. அது நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதிமன்றமும் முடிவெடுக்கிற விஷயம். நல்ல மனசோட செய்தாலும் சட்டத்தில அது பிள்ளையைக் கொண்டுபோனதாத்தான் வரும்.

தாய் தகப்பனால பார்க்க ஏலாத நிலைமை வந்தா, முதல்ல தேட வேண்டியது தாய்வழி உறவை. இங்க வீடு வளவு பெண்வழி போறதால சின்னம்மா, பெரியம்மா, அம்மம்மா வீடுதான் பிள்ளைக்கு அடுத்த வீடு. முஸ்லிம் குடும்பங்களில சாச்சி, உம்மும்மா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த ஆள் யார், எந்த ஊர், போன் நம்பர் என்ன என்பதை அமைதியான நேரத்திலயே எழுதி வைக்க வேணும்.

ஆகவே உங்கட முதல் வேலை சாமான் வாங்கிறதில்ல, 62 வீட்டுக்கும் போய் ஒரு குடும்பத் துண்டு எழுதிறது. ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம் போதும். எழுத வேண்டியது: பிள்ளையின்ட முழுப் பெயரும் வீட்டில கூப்பிடுற பெயரும், வயது, பாடசாலை, வகுப்பு, தொடர்ந்து குடிக்கிற மருந்து, ஒவ்வாமை, மாவட்டத்துக்கு வெளியில உள்ள ஒரு உறவின்ட நம்பர், குடும்பம் சிதறிப் போனா சந்திக்கிற ரெண்டு இடம். ஒரே இடத்தை மட்டும் எழுதாதீங்க. பிரச்சின நேரம் பாலத்திலயோ சந்தியிலயோ பாதை மூடுப்பட்டா அந்த இடத்துக்குப் போக ஏலாது. குடும்பம் எல்லாரும் சேர்ந்து நிற்கிற படம் ஒண்டும் எடுத்து அவங்களிட்டயே குடுத்து வைங்க.

6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தாயின்ட பெயரைச் சொல்லப் பழக்க வேணும். "அம்மா பேர் என்ன" என்று கேட்டா "அம்மா" என்றுதான் சின்னப் பிள்ளை சொல்லும். அந்த ஒரு பதிலால தேடுற வேலை நாள்கணக்கில இழுபடும்.

இனி முகாமில. தனியா வந்த பிள்ளைக்கு அட்டை கட்டிறதுதான் வழக்கம். ஆனா இன வன்செயல் நேரம் பெயரையும் ஊரையும் அட்டையில எழுதிக் கழுத்தில மாட்டக் கூடாது. நம்ம பகுதியில பெயரைப் பார்த்தாலே எந்தச் சமூகம் என்று தெரியும், ஊரைப் பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும். கையில நம்பர் மட்டும் கட்டுங்க. நம்பருக்குரிய விபரம் தனிக் கொப்பியில, ஒரே ஆளின்ட கையில இருக்கட்டும். அதில பிள்ளை எங்க, எத்தனை மணிக்கு, யாரோட வந்தது, என்ன உடுப்புப் போட்டிருந்தது என்பதையும் அப்பவே எழுத வேணும். அடுத்த நாள் குளிக்க வார்த்து உடுப்பு மாத்தினா பழைய உடுப்பு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒலிபெருக்கியில "தனியா ஒரு பொம்பிளப் புள்ள நிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அறிவிக்கவே கூடாது. யாரும் வரலாம். தேடி வாற பெரிய ஆளிட்டயும் பிள்ளையிட்டயும் ஒரே கேள்விகளைத் தனித்தனியாக் கேளுங்க: வீட்டில கிணறு எந்தப் பக்கம், ஆடு மாடு இருக்கா, பக்கத்து வீட்டில யார். பதில் பொருந்தினாலும் நீங்களாக ஒப்படைக்காதீங்க. பிரதேச செயலகத்தில உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ நன்னடத்தை உத்தியோகத்தரோ கையெழுத்து வைச்சுத்தான் விட வேணும். அவங்களின்ட நேரடி நம்பரை இப்பவே வாங்கி வைங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட 1929 எந்த நேரமும் எடுக்கலாம்.

---

சுகாதாரம் கிழக்கு எழுதியது:

250 பேர் என்ற கணக்கை வைத்தே எழுதுகிறேன்.

அனர்த்த நேரத்துக்கான ஸ்பியர் (Sphere) என்ற சர்வதேசத் தராதரப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். 250 பேருக்கு 3,750 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று தினமும் வந்தால் சமாளிக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் போதாது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றால் 13 வேண்டும். கிராமப் பாடசாலையில் இவ்வளவு இருப்பது அபூர்வம், அதனால் கிராம உத்தியோகத்தர் ஊடாக மேலதிகமானதை முதல் நாளே கேட்க வேண்டும். தங்குமிடம் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர், அதாவது 10 பேருக்கானது. நடைமுறையில் அதே அறைக்குள் 40 பேர் படுக்கிறார்கள். அதைத் தடுக்க முடியாவிட்டாலும் கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஓர் அறையைத் தனியாக ஒதுக்கி, ஜன்னலுக்குச் சேலை கட்டிக் கொடுப்பது உங்கள் தொண்டர்களால் முடிகிற காரியம்.

சிறு பிள்ளைகள் இருட்டில் மலசலகூடத்துக்குப் போக மாட்டார்கள். சுவர் ஓரத்தில் இருப்பார்கள். மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கும். ஆகவே சூரிய மின்விளக்கு 4 அல்லது 5, உள்ளே போடும் கொண்டி, வாளி, மூடி உள்ள சிறுபிள்ளைச் சட்டி. பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் நன்றாகத் தள்ளி வையுங்கள். கை கழுவ, அடியில் குழாய் பூட்டிய 20 லீற்றர் வாளி. சவர்க்காரத்தை வலைப்பையில் போட்டுக் கட்டிவிட்டால் தொலையாது.

பால்மா பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பால்மாவும் போத்தலும் பொதுவாகப் பகிரக் கூடாது. முகாமில் போத்தலை அவித்துத் துப்புரவாக்க வழியில்லை. கலக்கும் தண்ணீர் கெட்டது என்றால் பாலே நோயைக் கொண்டுவரும். இலவச மா நான்கு நாளில் முடியும். அதற்குள் குழந்தை உறிஞ்சாததால் தாய்க்குப் பால் சுரப்பது குறைந்திருக்கும். "பயத்தில் பால் வற்றிப் போச்சு" என்று தாய்மார் சொல்வார்கள், மாமிமாரும் சொல்வார்கள். பயத்தால் பால் வற்றுவதில்லை. அதிர்ச்சியில் பால் இறங்குவது சிறிது நேரம் தடைப்படும். மறைவான இடம், தாய்க்குக் குடிக்கத் தண்ணீர், சாப்பாடு, பக்கத்தில் ஓர் அனுபவமுள்ள பெண், குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவது; இவ்வளவும் இருந்தால் திரும்ப இறங்கும். தாய் இல்லாத குழந்தை அல்லது ஏற்கனவே மாப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை இருந்தால், ஊர் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தர் பார்த்து, அந்தக் குழந்தைக்கு மட்டும், கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்க ஒழுங்கு செய்வார். ஆகவே 4 லட்சத்தில் ஒரு ரூபாவும் பால்மாவுக்கு வேண்டாம்.

வயிற்றோட்டத்துக்கு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனி. ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும். அரைப் பக்கெற்றைக் கண்மட்டத்தில் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை; உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியதை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு லீற்றர் அடையாளம் போட்ட போத்தலையும் பக்கெற்றோடு சேர்த்து வையுங்கள். கண் குழிந்தால், சலம் போகாவிட்டால், குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர்களுக்கு 2 நேரச் சாப்பாடு போதுமென்றாலும் சிறு பிள்ளைக்குப் போதாது. இடையில் அவித்த பயறு, வாழைப்பழம், கஞ்சி ஏதாவது வேண்டும். அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ எடுக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் யார் என்பது குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். முகாமுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் குடும்பத் துண்டில் இரண்டு கேள்வியைக் கூட்டுங்கள்: வலிப்பு மருந்து, இன்சுலின், இழுப்புக்கான பம்ப் பாவிப்பவர் யார், பிள்ளை பிறக்க இருப்பவருக்கு எந்த மாதம். வலிப்பு மருந்து இரண்டு நாள் நின்றாலே வலிப்பு வரலாம். இன்சுலினைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணல் போட்ட பெரிய சட்டிக்குள் இறக்கிய சின்ன முட்டியில் போட்டு, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம். ஊரடங்கு நேரத்திலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். நோயாளியை ஓட்டோவில் ஏற்றிச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதை விட அது பாதுகாப்பு.

---

முன்பள்ளி ரீச்சர் எழுதியது:

நான் பிள்ளைகளுக்கான இடத்தைப் பற்றி மட்டும் எழுதுறன். "உளவளத்துணை" என்ற பெரிய பேரைக் கொஞ்சம் தள்ளி வைங்க. முதல் 3 நாளில பிள்ளைக்குத் தேவையானது ஒரு பாய், ஒரே நேரத்துக்கு வாற ஒரே முகம், நேத்துப் பாடின அதே பாட்டு.

இடம்: மரநிழல் அல்லது ஒரு வகுப்பறை. வாசல் தாய்மார் இருக்கிற பக்கம் பார்த்திருக்க வேணும். தாயைக் காணாத இடத்தில பிள்ளை விளையாடாது. நேரம்: காலை 9 முதல் 11, பின்னேரம் 3.30 முதல் 5. கூட்டிக் குறைக்க வேணாம். 20 பிள்ளைக்கு 2 பெரியவங்க, அதில ஒருத்தர் கட்டாயம் பெண். எந்தத் தொண்டரும் பிள்ளையோட தனியா ஒரு அறைக்குள்ள இருக்கக் கூடாது, பிள்ளையைத் தனியா எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. இதை எழுதி எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்குங்க. குழப்ப நேரம் புதுசா உதவிக்கு வாற ஆளை விசாரிக்காமப் பிள்ளைகளிட்ட விடாதீங்க.

40 பிள்ளைக்கான பெட்டி: பெரிய பாய் 3, மெழுகுக் கலர் பெட்டி 12, வெள்ளைத் தாள் 500, மெத்தை மாதிரிப் பந்து 3, கயிறு 10 மீட்டர், கொக்கான் வெட்டக் கல்லு, ஒரு மூட்டை களிமண், கதைப் புத்தகம் 10, கைமணி ஒண்டு. களிமண் ரொம்ப நல்ல சாமான், காசும் இல்ல. பிசையப் பிசையக் கை நடுக்கம் குறையும், பேசாத பிள்ளையும் ஏதாவது உருட்டும்.

பெட்டிக்குள்ள வைக்கக் கூடாதது பலூன், விசில், விளையாட்டுத் துவக்கு. பலூன் ஒண்டு வெடிச்சாப் போதும், முழு மண்டபமும் கத்தும். பறை, வெடி எதுவும் பக்கத்தில வேணாம். கூப்பிடக் கைமணி அடிச்சாப் போதும்.

அடிக்கடி நடக்கிற பிழை ஒண்டிருக்கு. வெளியில இருந்து வாற ஆக்கள் பிள்ளைகளை இருத்தி, "நடந்ததைக் கீறுங்க, நடந்ததைச் சொல்லுங்க" என்பாங்க. அதைச் செய்ய வேணாம். ஒரே ஒரு தடவை இருத்தி நடந்ததையெல்லாம் விவரமாச் சொல்ல வைக்கிற முறையை உலக சுகாதார ஸ்தாபனமே வேணாம் என்று சொல்லியிருக்கு. அதுக்குப் பதிலா அவங்க 2011இல வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூணு வேலை சொல்லுது: பார், கேள், இணை. யாருக்கு உடனடித் தேவை என்று பார்க்கிற, அவங்க சொல்றதைச் சொல்ற அளவுக்குக் கேட்கிற, தேவையான ஆளோட, இடத்தோட இணைச்சு விடுற. ஒரு நாள் பயிற்சியில 14 தொண்டரும் படிச்சிடலாம். ரெண்டு பேரை மட்டும் அனுப்பிறதை விட இதுதான் நல்லம். பிள்ளை தானாகக் கீறினா, தானாகச் சொன்னா, கேளுங்க. தோண்டாதீங்க. "ஒண்டும் நடக்காது, பயப்படாத" என்றும் சொல்லாதீங்க, அது உங்கட கையில இல்ல. "இப்ப நீ இங்க இருக்கா, அம்மா அந்தா இருக்கா, ராத்திரி நாங்க ரெண்டு பேர் முழிச்சிருப்பம்" என்றா அது உண்மை, பிள்ளைக்கும் விளங்கும்.

படுக்கையில சலம் போறது, தாயின்ட சேலையை விடாதது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுறது, விரல் சூப்புறது, சாப்பாடு வேணாம் என்கிறது. இதெல்லாம் பயந்த பிள்ளையின்ட இயல்பு. அடிக்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாது. பெரும்பாலும் ஊர் அமைதியாகி வீட்டுக்குப் போனாக் கிழமைக்கணக்கில குறையும். ஒரு மாதம் தாண்டியும் தூங்காம, பேசாம, விளையாடாம இருந்தாலோ, எந்த நேரமா இருந்தாலும் தன்னைத் தானே காயப்படுத்தினாலோ, சாகப் போறன் என்றாலோ, ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்க. 1926 இலவச உளநல உதவி எண்.

மட்டக்களப்பில 1996இல தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றித் தெரிஞ்சுகொள்ளுங்க. இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடா ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து தொடங்கினது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில கூட்டி வந்து, மண், சாயம், கதை, கூத்து, மரஞ்செடி, ஆடு மாடு என்று ஒரே வளவில மாதக்கணக்கா விட்டாங்க. அங்க பாடம் நடத்தேல்ல. ரெண்டு ஊர்ப் பிள்ளையும் ஒரே களிமண்ணைப் பிசைஞ்சது. உங்கட பின்னேர வகுப்பை இப்பவே ரெண்டு ஊருக்கும் பொதுவா, மாதத்துக்கு ரெண்டு தரமாவது ஒரே இடத்தில நடத்தினா, பிரச்சின வரும்போது பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ல ஒரு பேராவது தெரிஞ்சிருக்கும்.

---

ஏறாவூர் நானா எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் தம்பி.

மேல மூணு பேரும் சொன்னது சரி. நான் செய்தியையும் பயணத்தையும் பற்றிச் சொல்றன்.

2018 பெப்ரவரி 26 ராத்திரி அம்பாறை நகரத்தில கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது ஒரு வதந்தியில. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில சாப்பாட்டில கருத்தடை மாத்திரை கலக்காங்க என்றாங்க. சாப்பாட்டில போட்டு ஆளை மலடாக்கிற மாத்திரை என்று ஒண்டு உலகத்திலயே இல்ல. அடுத்த மாதம் கண்டிப் பக்கம் வன்செயல் வந்ததும் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாள்கணக்கில முடக்கினது. 2019 ஏப்ரலிலயும் அப்படித்தான். அதனால உங்கட திட்டம் வட்ஸ்அப் குழுவை நம்பி இருக்கக் கூடாது. 14 பேரும் 62 குடும்பத்தைப் பங்கு போடுங்க, ஆளுக்கு 4 அல்லது 5 வீடு. நம்பர் எல்லாம் தாளில எழுதிச் சட்டைப்பையில இருக்க வேணும். சாதாரண அழைப்பு, இல்லாட்டி குறுஞ்செய்தி. பழைய பொத்தான் போன் ரெண்டு, வேற வேற கம்பனிச் சிம்மோட, சார்ஜ் போட்டு வைங்க.

வதந்திக்கு ஒரு கொப்பி வைங்க. கேட்டது என்ன, யாரிட்ட இருந்து, எத்தனை மணிக்கு, யாரிட்ட விசாரிச்சம், உண்மையா பொய்யா. பள்ளிவாசல் நிர்வாகத்தில ஒருத்தர், கோயில் நிர்வாகத்தில ஒருத்தர், கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர். இந்த நாலு நம்பருக்கும் எடுத்துக் கேட்காம எதையும் மத்த ஆளுக்குச் சொல்லக் கூடாது. முகாமுக்குள்ள காலையும் மாலையும் ஒரே ஆள் நின்று தெரிஞ்சதைச் சொல்லட்டும். தெரியாததை "இன்னும் தெரியாது" என்று சொல்லட்டும். செய்தி இல்லாத இடத்திலதான் கதை முளைக்கும்.

முதல் 3 நாள் தமிழ்த் தொண்டர் தமிழ் ஊருக்குள்ள, முஸ்லிம் தொண்டர் முஸ்லிம் ஊருக்குள்ள. வீரம் காட்டி எல்லை தாண்ட வேணாம். சாமான் பரிமாற வேணுமென்றா ஆஸ்பத்திரி வாசலையோ பிரதேச செயலகத்தையோ தீர்மானிச்சு, பகல் வெளிச்சத்தில, ரெண்டு பேர் ரெண்டு பேராப் போங்க. ஊரடங்குக்குப் போக்குவரத்து அனுமதியைப் பொலிஸிலயும் பிரதேச செயலகத்திலயும் எப்படி எடுக்கிற என்று இப்பவே விசாரிச்சு, 14 பேரின்ட அடையாள அட்டைப் பிரதியைக் குடுத்து வைங்க. ஆனா பெட்டியை ஒரே மண்டபத்தில அடுக்காதீங்க. பாதை மூடினா பாதி ஆளுக்கு எதுவும் எட்டாது. ரெண்டு பெட்டி, ரெண்டு ஊர், ரெண்டிலயும் ஒரே சாமான். ஒரு ஊருக்குக் கூடக் குடுத்தாங்க என்ற பேச்சு வந்தா உங்கட அமைப்பு அதோட சரி.

சமையல்: பருப்பு, மரக்கறி, முட்டை, சோறு. இறைச்சியே வேணாம். ஹலால் கேள்வியும் வராது, மாட்டிறைச்சிப் பேச்சும் வராது, முட்டையை விட்டா வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவங்களுக்கும் சரி. நோன்பு மாதமென்றா ஸஹர் சாப்பாட்டுக்கு விடிய 3 மணிக்கு அடுப்பு மூட்ட ஆள் வேணும்.

14இல இருந்து 18 வயதுப் பொடியன்களை மறந்திடாதீங்க. உதவி எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தாய்மாருக்கும் போகும், இவங்க மதில்ல குந்திப் போன் பார்த்துக்கொண்டு இருப்பாங்க. பொல்லோட சந்திக்குக் கூப்பிடுறவன் இவங்களைத்தான் கூப்பிடுவான். முதல் நாளே வேலை குடுங்க: பவுசர் வரிசை, விறகு, லைட், ராத்திரி வயசானவங்களை மலசலகூடத்துக்குக் கூட்டிட்டுப் போறது. பேர் எழுதின பட்டியல், நேர அட்டவணை, கட்டளை போட ஒரு பெரிய ஆள். குமர்ப் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணியும் மறைவான குளியலிடமும் பெட்டிக் கணக்கில சேருங்க. கேட்க வெட்கப்படுவாங்க, கேட்காமலே பெண் தொண்டர் குடுக்க வேணும்.

---

வாழைச்சேனை வாசி எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், கோடி நன்றி எல்லாருக்கும். மூணாவது கருத்தைக் கூட்டத்தில திருப்பி எடுக்கமாட்டம். ரெண்டு கேள்வி. காசை எப்படிப் பிரிக்கிற? வெளிநாட்டில இருக்கிற நம்ம உறவுகள் பிள்ளைகளின்ட படம் அனுப்பினா உடனே காசு போடுவம் என்று சொல்லியிருக்காங்க, அது சரியா?

---

புலம்பெயர்ந்தவன் எழுதியது:

இங்க இருந்து காசு சேர்க்கிற ஆள் என்ற முறையில சொல்றன். படம் இல்லாட்டி ஆக்கள் நம்ப மாட்டாங்க. முகத்தைப் பார்த்தாத்தான் மனசு இளகும். கள்ளக் கணக்குக் காட்டுற அமைப்புகள் நிறைய இருக்கு.

---

படுவான்கரை எழுதியது:

அண்ணா, உங்கட கவலை நியாயம், ஆனா வழி அதில்ல. இன வன்செயல் நேரம் ஒரு பிள்ளையின்ட முகமும் பாடசாலைச் சீருடையும் பின்னால தெரியிற பலகையும் இணையத்தில போனா, அந்தக் குடும்பம் எங்க நிற்குது என்று தேடுற ஆளுக்கும் தெரியும். சாட்சியா இருக்கப் போற பிள்ளை என்றா இன்னும் மோசம். அந்தப் படம் அந்தப் பிள்ளை கலியாணம் கட்டுற வயதிலயும் இணையத்தில கிடக்கும். நம்பிக்கைக்கு வேற வழி இருக்கு: பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, சாமான் பட்டியல், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தின பயனாளி எண்ணிக்கை, பிள்ளைகள் கீறின படம் பெயரில்லாம, பாயில விளையாடுற கைகள். மாதம் ஒரு பக்கக் கணக்கை ஒழுங்கா அனுப்பினா, முகம் கேட்கிற ஆக்கள் குறைவு.

காசுக்கு, 4 லட்சம் என்றா இப்படிப் பிரிப்பன். ரெண்டு ஊருக்குமான பெட்டி, விளக்கு, வாளி, ஜீவனி, பாய், துணி: 110,000. பயிற்சி, அச்சு, துண்டு எழுதப் போற போக்குவரத்து: 30,000. எரிபொருள், போன், முகாம் நேரச் சில்லறைச் செலவு: 60,000. மிச்சம் 200,000 ரூபாவைத் தொடாம வைங்க, ஊர் அமைதியானதும் குடும்பங்களுக்குக் காசாக் குடுக்க. எரிபொருள் காசில கொஞ்சத்தை ரெண்டு ஊர்லயும் ஒவ்வொரு பெண் தொண்டரிட்டத் தாளாக் குடுத்து வைக்க வேணும். ஊரடங்கு நேரம் வங்கி மெஷின் காசு தராது.

முகாம் நேரம் சாமான் குடுங்க, கடை திறந்த பிறகு காசு குடுங்க. ஒரு குடும்பத்துக்குத் தையல் மெஷின் எரிஞ்சிருக்கும், இன்னொண்டுக்கு வலை, இன்னொண்டுக்குப் பிள்ளை பள்ளிக்குப் போற சைக்கிள். அதை நீங்க ஊகிச்சு வாங்க ஏலாது. குடும்பத்தில காசை வாங்கிற ஆள் தாய் என்றா பிள்ளைக்குப் போய்ச் சேருது.

ஆறாம் நாள் தொடங்குற வேலையைப் பற்றி யாரும் எழுதேல்ல. அதுதான் கன நாள் இழுக்கிறது. எரிஞ்ச வீட்டைத் துப்புரவாக்கிறதுக்கு முதல் படம் எடுக்க வேணும். இந்தப் படத்தில ஆள் இருக்க வேணாம். பொலிஸில முறைப்பாடு போட்டு அதின்ட இலக்கத்தையும் பிரதியையும் வாங்க வேணும். கிராம உத்தியோகத்தர் கடிதம், வாங்கின பற்றுச்சீட்டு இருந்தா அதுவும். இழப்பீட்டு அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ வந்தது. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில விசாரிங்க. பாதிக் குடும்பம் வீட்டைக் கழுவிப் பூசின பிறகுதான் படத்தைப் பற்றி யோசிக்கும், அப்ப காட்ட எதுவும் இருக்காது. உங்கட தொண்டர் ஒருத்தருக்கு இது மட்டும் வேலை.

பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி தொலைஞ்சாப் பிள்ளையின்ட பள்ளி அனுமதியும் பரீட்சை விண்ணப்பமும் தடைப்படும். இப்பவே 62 வீட்டிலயும் பிரதி எடுத்து, ஒரு பிரதியைச் சிப் பையில போட்டு அவங்களிட்டயும், இன்னொண்டைப் பூட்டின பெட்டியில மற்ற மாவட்டத்து நம்பிக்கையான ஆளிட்டயும் வைங்க. அந்தப் பட்டியலும் குடும்பத் துண்டும் பிழையான கையில போனா அதுவே வீடு தேடுற வரைபடம் ஆகும். கணினியில ஏற்றிக் குழுவில பகிர வேணாம்.

பாடசாலையை முகாமாக்கினா அந்த ஊர்ப் பிள்ளை முழுதுக்கும் படிப்பு நிற்கும். மூணாம் நாளே அதிபரோட பேசி ரெண்டு வகுப்பறையை ஒதுக்கி, சாதாரண தரப் பரீட்சை எழுதப் போற பிள்ளைகளை இருத்துங்க. பாடசாலை திறந்து ரெண்டு கிழமைக்குள்ள வராத பிள்ளையின்ட பட்டியலை வகுப்பாசிரியரிட்ட வாங்கி வீட்டுக்குப் போங்க. பயமா, சப்பாத்து இல்லையா, தகப்பன் மறியல்ல இருக்கிறதால தாய் வேலைக்குப் போய்ப் பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்க்குதா என்று கேட்டு அதுக்கேத்த உதவி. தகப்பனைப் பிடிச்சுக்கொண்டு போன வீட்டுக்கு உதவப் போக ஊருக்குள்ள ஆக்கள் பயப்படுவாங்க. பிள்ளைக்குக் குற்றம் எதுவும் இல்ல, அந்த வீட்டைப் பட்டியல்ல இருந்து எடுக்காதீங்க.

1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடி, அதே மாதம் ஏறாவூர், செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான்; மூணு இடத்திலயும் படுகொலை நடந்தது. இந்த நினைவு நாட்கள் வரும்போது வீட்டில பெரியவங்க பேசுறதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கிழமைகளில பின்னேர வகுப்பை நிறுத்தாதீங்க. ரெண்டு ஊர்ப் பிள்ளையும் வழமை போல வரட்டும்.

---

வாழைச்சேனை வாசி எழுதியது:

படம் வேணாம் என்று உறவுகளுக்கு இன்றைக்கே எழுதிட்டன். குடும்பத் துண்டு வேலை வாற சனிக்கிழமை தொடங்குது, ரெண்டு ஊர்லயும் ஒரே நாள். ஒரு சின்னக் கேள்வி: பிள்ளையின்ட கையில கட்டுற நம்பர், பிளாஸ்டிக்கா துணியா?

---

வாவிக்கரை எழுதியது:

துணி. வெள்ளைப் பருத்தித் துணியில அரை அங்குலப் பட்டி வெட்டி, அழியாத மையால நம்பர் எழுதி, காய விட்டுக் கட்டுங்க. பிளாஸ்டிக் வியர்வையில தோலை அறுக்கும், சின்னதுகள் கடிச்சுப் பிய்ச்சுப் போடும். மணிக்கட்டுக்கும் பட்டிக்கும் இடையில ஒரு விரல் போக இடம் விடுங்க. ஒரே தாய்ப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த நம்பர் குடுங்க, ராத்திரி பாயில தேட லேசு.